காருக்கு அடியில் கடைசியா எப்போ பார்த்தீங்க? துருவைத் தடுக்க வீட்டிலேயே செய்யக்கூடியவை... செய்யவே கூடாதவை!

வாரம் தவறாம ஷாம்பூ வாஷ், டேஷ்போர்டுக்கு பாலிஷ், பானட்டில் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. எல்லாம் ஓகே. ஆனா, அதே காருக்கு அடியில் கடைசியா எப்போ குனிஞ்சு பார்த்தீங்க? பலருடைய பதில், ‘ஸ்பீடு பிரேக்கர்ல டமால்னு தட்டினப்போ’ என்பதாகத்தான் இருக்கும்!

பிரச்னை என்னன்னா, துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஆரம்பிக்கும். கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளமாகக் கிளம்புதுன்னா, உள்பக்கம் வேலை எப்பவோ தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் விளிம்பு என உங்கள் உயிரைச் சுமக்கும் பல பாகங்கள் அடியில்தான் இருக்கின்றன.

இதை வீட்டிலேயே ஓரளவு தடுக்க முடியும். ஆனா, ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. துருவைத் தடுப்பது கடைசியில் அடிக்கும் கறுப்பு ஸ்பிரே இல்லை. அதுக்கு முன்னாடி நீங்க செய்யும் சுத்தமும், காய வைப்பதும்தான். ஈரத்து மேலேயும் துரு மேலேயும் அடிக்கிற கோட்டிங், ஒண்ணுமே அடிக்காம விடுறதைவிட மோசம்.

மழையே பெய்யலை... அப்புறம் எப்படித் துரு?

இரும்பு, ஆக்ஸிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. கூடவே உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. கனடா போன்ற நாடுகளில் பனியை உருக்க சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அங்கே கார்களுக்கு அதுதான் எமன். நம்ம கடலோர ஊர்களில் அந்த வேலையைக் கடல் காற்றே பார்த்துக்கொள்கிறது.

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசன்னு ஆகுதே, அதே கதைதான். சென்னை, புதுச்சேரி, நாகை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இரவு நேர ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதனால், காரை வெளியிலேயே எடுக்காம நிறுத்தியிருந்தாலும், அடியில் ஒட்டியிருக்கும் உப்புத்தூள் இரவெல்லாம் இரும்பை நனைச்சுக்கிட்டே இருக்கும்.

உப்புக்காற்றின் பலத்துக்கு பாம்பன் பாலமே சாட்சி. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தை ஆண்டு முழுக்கப் பராமரித்தும், 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது.

இன்னொரு வில்லத்தனம், துருவின் அமைப்பு. அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்ஸைடு படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படி இல்லை. பொசபொசன்னு உப்பி, செதில் செதிலா உதிரும். ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைக்கும். அது மேல கோட்டிங் அடிச்சா, எதிரியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரிதான்.

முதல்ல உயிர்... அப்புறம்தான் கார்!

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே போகாதீங்க. டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி மாத்துறதுக்கு மட்டும்தான். அது சரிந்தால் விலக நேரம் கிடைக்காது.

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். சக்கர நட்டுகளைக் காரைத் தூக்கும் முன்பே லேசாகத் தளர்த்திக்கோங்க. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தே ஆக வேண்டும். தூக்கியதும், கார் மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் கொடுங்க. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேண்டாம். பாரம் ஏறினால் பொடிப்பொடியாகிவிடும்.

முதல்முறை செய்றீங்களா? காருக்கு அடியில் போகாமலேயே பாதி வேலையை முடிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, அதை ஒட்டிய விளிம்பு, கைக்கு எட்டும் மூலைகள் ஆகியவற்றைப் பாருங்க. சேறு அதிகம் தங்குவதும், கல் தெறித்துப் பெயின்ட் உரிவதும் இங்கேதான். நடுப்பகுதி முழுக்கச் செய்ய நினைத்தால், லிஃப்ட் இருக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுப்பதே நல்லது.

ஸ்டெப் 1: கழுவுங்க... நல்ல தண்ணியில!

காய்ந்த சேறு துருவுக்குப் பஞ்சு மெத்தை. பிரஷர் வாஷர் இல்லைன்னாலும் பரவாயில்லை. ஹோஸும் நீளமான பிரஷும் போதும். வீல் ஆர்ச்சின் உள்மடிப்பில் விரலை விட்டு மண்ணை எடுங்க. ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கணும், இல்லைன்னா எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில பகுதிகளில் போர் தண்ணியே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால், உப்பை எடுக்கிறோம்னு நினைச்சு உப்பைப் பூசுறோம். கடைசி அலசலுக்காவது நாலு பக்கெட் நல்ல தண்ணி பயன்படுத்துங்க.

ஸ்டெப் 2: காய விடுங்க... முழுசா!

இந்த இடத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் நிறுத்துங்க. அதனால்தான் இந்த வேலைக்கு ஏப்ரல், மே மாதங்கள் பொருத்தம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிய பிறகு ஆரம்பித்தால், காயவே காயாது.

ஸ்டெப் 3: தட்டிப் பாருங்க!

சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்க. ‘டங்’னு கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. ‘சத்’துன்னு அமுங்கினாலோ, செதில்கள் கொட்டினாலோ, முனையை வைத்து அழுத்திப் பாருங்க. உள்ளே இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திடுங்க. சஸ்பென்ஷன் மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் விளிம்பு, பிரேக் குழாய் ஆகியவற்றில் செதில் செதிலாகத் துரு இருந்தாலும் இதே முடிவுதான். இதுக்கெல்லாம் வெல்டிங்கோ, புதுப் பாகமோதான் தீர்வு. பெயின்ட் இல்லை.

ஸ்டெப் 4: சுரண்டுங்க... பிரைமர் அடிங்க!

மேலோட்டமான துரு என்றால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு 80-ம் நம்பர் உப்புத்தாள் போடுங்க. கண்ணாடி, கையுறை, மாஸ்க் கட்டாயம். பளிச்சென்று உலோகம் தெரியும் வரை தேய்ப்பதே இலக்கு. தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடிச்சிடுங்க. ஒரு ராத்திரி விட்டால், மறுபடியும் மெல்லிய துரு எட்டிப் பார்க்கும்.

சுத்தமான உலோகத்துக்கு ஜிங்க் பிரைமர் நல்ல சாய்ஸ். துத்தநாகம் தானே முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால், அது நேரடியாக இரும்பைத் தொட்டால்தான் இந்தத் தியாகம் நடக்கும். குழிகளில் இருக்கும் துருவை எடுக்கவே முடியலையா? ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அதிலுள்ள பாஸ்பாரிக் அல்லது டேனிக் அமிலம், மிச்சமிருக்கும் துருவைக் கறுப்பான, நிலையான படலமாக மாற்றும். அதுக்கு மேல எந்த பிரைமர் பொருந்தும் என்பதை டப்பாவிலேயே பார்த்துக்கோங்க.

கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு? அடிக்கலாம். ஆனா, அதோடு நிறுத்தக் கூடாது. மேலே ஒரு பூச்சு இல்லாத பிரைமர், ஈரத்தை ரொம்ப நாள் தாங்காது.

ஸ்டெப் 5: இப்போதான் கோட்டிங்!

ரப்பர், பிட்டுமின் வகைகள் கெட்டியாக இருக்கும், கல் தெறிப்பதைத் தாங்கும், சத்தத்தையும் குறைக்கும். ஆனால், நாளாக ஆக விரிசல் விடலாம். விரிசலுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வராது. கோட்டிங் மேலே பத்திரமாக இருக்க, அடியில் துரு பரவும்.

மெழுகு, லேனோலின் வகைகள் கெட்டியாகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். கீறல் விழுந்தாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். இடுக்குகளுக்குள்ளும் ஊறும். தூசு ஒட்டும் என்பதும், ஆண்டுக்கொரு முறை திரும்ப அடிக்க வேண்டும் என்பதும் மைனஸ். கைக்கு எட்டாத இடுக்குகளுக்கும், ஏற்கெனவே கொஞ்சம் வயதான காருக்கும் இதுவே பாதுகாப்பான தேர்வு.

எதுவானாலும், ஒரே தடியான கோட்டைவிட, இடைவெளிவிட்டு இரண்டு மெல்லிய கோட் நல்லது.

இங்கெல்லாம் அடிக்கவே கூடாது!

* சைலன்ஸர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: சூட்டில் புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.
* பிரேக் டிஸ்க், டிரம், காலிப்பர்: பிரேக் பிடிக்காமல் போகும்.
* ரப்பர் பூட், புஷ்: சில கெமிக்கல்களில் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.
* சென்சார்கள், வயரிங் கனெக்டர்கள், ஆயில் டிரெயின் நட்டுகள்.
* கதவின் கீழேயும், காரில் ஏறும்போது கால் படும் நீளமான பெட்டிப் பகுதியின் கீழேயும் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள். இவை அடைபட்டால், உள்ளே தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும்.
* எலெக்ட்ரிக் காரின் பேட்டரி பெட்டி, ஆரஞ்சு நிற கேபிள்கள்: கிட்டவே போக வேண்டாம். சர்வீஸ் சென்டர் வேலை அது.

ஸ்பிரே அடிக்கும் முன் இவற்றை மாஸ்கிங் டேப், பழைய பாலித்தீன் கவரால் மூடுங்க. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கணும். மூடிய பார்க்கிங், பேஸ்மென்ட் வேண்டாம். தின்னர் நெடி தலையைச் சுற்றும், ஒரு தீப்பொறி போதும். சாதாரணத் தூசு மாஸ்க் இந்த நெடியைத் தடுக்காது. முடிந்ததும் சக்கர நட்டுகளை நட்சத்திர வடிவில் எதிரெதிராக முறுக்கி, சில கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் செக் பண்ணுங்க.

வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா ப்ரோ?

வாட்டர் சர்வீஸ் கடைகளில் இன்னமும் நடக்கிற விஷயம். பழைய இன்ஜின் ஆயிலையோ, டீசலையோ அடியில் பீய்ச்சி அடிப்பார்கள். பார்க்கப் பளபளன்னு இருக்கும். ஆனா, ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், தோலுக்கும் கேடு, நாலு மழையில் கழன்று மண்ணிலும் சாக்கடையிலும்தான் சேரும். டபிள்யூடி-40 அடித்தால் போதுமா என்றும் கேட்பார்கள். பெயரில் இருக்கும் ‘டபிள்யூடி’க்கு அர்த்தமே, தண்ணீரை விலக்குவது. நட்டைக் கழற்ற சூப்பர். அடிப்பாகத்துக்கு நீண்டகாலக் கவசம் இல்லை.

புதுக் கார் வெச்சிருக்கீங்களா? ஃபேக்டரியிலேயே மின்முறைப் பூச்சும், அடியில் சீலன்ட்டும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். நீங்களாக எதையும் அடிக்கும் முன், துரு வாரன்ட்டி பற்றி மேனுவலில் என்ன போட்டிருக்கிறது என்று படிச்சுடுங்க.

பழைய கார் வாங்கப் போறீங்களா?

அப்போ இதையெல்லாம் திருப்பிப் பாருங்க. பத்து வருஷ கார், ஆனா அடியில் மட்டும் நேத்து அடிச்ச மாதிரி புத்தம் புது கறுப்பு கோட்டிங்! சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. ஜாக்கி வைக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்க. சீட் ரெயில், ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்பெட்டுக்கு அடியில் துருவோ, காய்ந்த சேறோ இருக்கா என்று பாருங்க. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. கோட்டிங் எதை மூடியிருக்கிறது என்று அடித்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

பைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்டர் ஸ்டாண்டின் பாதம், பின் மட்கார்டின் உள்பக்கம், ஸ்விங் ஆர்மின் அடி ஆகிய மூன்றையும் மழைக்கு முன்னாடி சுத்தம் செய்து டச்சப் பண்ணுங்க. டிஸ்க், டயர் பக்கம் ஸ்பிரே போகக் கூடாது.

இதெல்லாம் செய்ய நேரமே இல்லையா? ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பீச் பக்கம் போய்ட்டு வந்தாலோ, தேங்கிய தண்ணீரில் ஓட்டினாலோ, அந்த வாரமே அடிப்பாகத்தை நல்ல தண்ணியில் கழுவி வெயிலில் நிறுத்துங்க. கூடவே அந்த வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்க. செலவு, ஒரு பக்கெட் தண்ணியும் பத்து நிமிஷமும்தான்!