பதினொன்றாம் எண் கூண்டு



கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் வானொலியில் வானிலைச் செய்தி கேட்கும்போது, துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பை நீங்கள் பன்முறை கேட்டிருப்பீர்கள். கூண்டின் எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்பது யாவரும் அறிந்ததே. அக்கூண்டுகள் மொத்தம் பதினொன்று. அவ்வாறாயின் பதினொன்றாம் எண் கூண்டு எதைக் குறிக்கிறது? 'புயல்களிலெல்லாம் பெரும்புயலைக் குறிக்கிறது' என்று விடை கூறுவோரே மிகுதி. அவ்விடை சரியன்று. சரியான விடை யாது என்பதை அறிய, நாம் வரலாற்றுக்குள் சற்றுத் தொலைவு சென்று வரவேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அணித்தே, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டுள்ள திருவண்ணாமலை என்னும் சிற்றூரில் வாழும் மாணவன், 'கடற்புயலைப் பற்றி நான் ஏன் கற்க வேண்டும்? எங்கள் ஊரில் மலை உண்டு, கடல் இல்லையே!' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவ்வூர்க் கண்மாயும், இராசபாளையத்துக் கண்மாய்களும் நிறைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையால்தான். அம்மழையைச் சுமந்து வருவன வங்கக்கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளே. அத்தாழ்வு மிதமாக வந்தால் நமக்கு நெல்; மிஞ்சி வந்தால் கடற்கரையோர் வீட்டில் அழுகை. ஒரே தாயின் இரு முகங்கள் அவை. ஆகவே கடலைக் காணாதவனும் கடலின் கணக்கைக் கற்றாக வேண்டும்.

குளிர்காலப் புயல் நமக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாடுகளின் கடற்கரைகளில் அது பனியாகப் பொழிகிறது. 1888ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் தொடங்கி மூன்று நாட்களுக்கு மேலாக, அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் பெரும் பனிப்புயல் வீசியது. நியூயார்க் நகரில் முழங்காலுக்கு மேல் பனி விழுந்தது. காற்று அதனை வாரிக் குவித்த இடங்களில் வீட்டு வாயில்களே மறைந்தன. உயரப் பாலங்களின் மேல் ஓடிய புகைவண்டிகள் நடுவழியில் நின்றுவிட்டன. ஏறத்தாழ நானூறு பேர் மாண்டனர். அவற்றினும் அந்நகரத்தாரைத் திகைக்க வைத்தது மற்றொன்று. கம்பங்களின்மேல் சென்ற தந்திக் கம்பிகள் அறுந்து வீழ்ந்தமையால், செல்வமும் அறிவியலும் செழித்த பெருநகரங்கள் பல நாட்கள் ஒன்றோடொன்று பேச வழியின்றித் தனித்தனித் தீவுகளாயின. அப்பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கும் பணி விரைவு பெற்றது. 1904இல் நியூயார்க்கில் சுரங்கப் புகைவண்டி ஓடத் தொடங்கியதற்கும் அப்பனிப்புயல் ஒரு தூண்டுகோலாயிற்று.

நம் கடலில் பனி இல்லை. வெப்பமே புயலின் உணவு. கடல்நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியிருக்கும்போது, ஈரக்காற்று மேலெழுகிறது. எழுந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. சுற்றுப்புறக் காற்று அவ்விடம் நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சியால் அக்காற்று நேரே செல்லாமல், நம் அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் தமிழகக் கரைக்குப் புயற்காலம் எனப்படுவது இதனாலேயே.

இச்சுழற்சியைக் கண்டு அதற்குப் பெயரிட்டவர் நம் நாட்டில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயர். கல்கத்தாவில் கடல்துறை விசாரணை மன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்பார், சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'சைக்ளோன்' என்னும் பெயரை உருவாக்கினார். அவர் ஆராய்ந்த புயல்களுள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோரிங்கா துறைமுகத்தை 1789 டிசம்பரில் அழித்த புயலும் ஒன்று. பல்லாயிரவரைப் பலிகொண்ட அவ்வூர் மீண்டும் எழுந்தது. 1839 நவம்பரில் மீண்டும் கடலுக்கு இரையாயிற்று. ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரே ஊர் இருமுறை அழிந்தது எதனால்? இரண்டாம் முறையும் அவ்வூராருக்கு முன்கூட்டிச் சொல்வார் எவரும் இல்லை.

முன்கூட்டிச் சொல்லும் கலை பிறந்ததும் ஒரு துயரத்திலேதான். 1859 அக்டோபரில் இங்கிலாந்தை அடுத்த வேல்சுக் கரையில், 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் புயலில் மோதி உடைந்து, நானூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அறிஞர் டார்வின் உலகைச் சுற்றிவந்த 'பீகிள்' கப்பலின் தலைவராக இருந்த பிட்சுராய், அப்போது வானிலைத் துறைத் தலைவராக விளங்கினார். ஓரிடத்தில் புயல் கண்டால், அது மற்றோரிடத்தை அடையுமுன் தந்தி அங்கே சென்று சேர்ந்துவிடும் அன்றோ? இவ்வெளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, 1861 முதல் துறைமுகங்களுக்குத் தந்தி வாயிலாக எச்சரிக்கை அனுப்பினார். கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் அடையாளங்களைக் கம்பத்தில் ஏற்றி மாலுமிகளுக்குக் காட்டச் செய்தார். நம் துறைமுகக் கூண்டுகளின் மூதாதை இவையே.

நம் நாட்டில் 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அடுத்த ஆண்டே அத்துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றும் வழக்கம் துறைமுகந்தோறும் பரவியது.

இப்போது கூண்டுகளின் பொருளைக் காண்போம். ஒன்றும் இரண்டும், தொலைவில் கடலில் புயல் உருவாகக்கூடும் அல்லது உருவாகிவிட்டது என்பன. மூன்றும் நான்கும், துறைமுகத்திற்கே காற்றின் தொல்லை நேரலாம் என்பன. ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து. எட்டு முதல் பத்து வரை பேராபத்து. கடும்புயல் துறைமுகத்தின் ஒரு புறமாகக் கடக்குமா, மறு புறமாகக் கடக்குமா, நேர்மேலேயே கடக்குமா என்பதற்கேற்ப அம்மூன்றும் வேறுபடும். புயலின் வலிமை பத்தாம் எண்ணோடு முடிந்தது. அப்பால் பதினொன்று? வானிலை எச்சரிக்கை மையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப்போயிற்று. வானிலை மோசமாகும் என்று துறைமுக அதிகாரி தாமே கருதுகிறார் என்பதே அதன் பொருள். காற்றின் கடுமையைக் குறித்த பத்து எண்களுக்கும் மேலாக, செய்தி அற்ற நிலையை நம் முன்னோர் வைத்தனர்.

அவர்கள் அவ்வாறு வைத்ததன் நியாயத்தைத் தனுஷ்கோடி நமக்குக் காட்டுகிறது.

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து புகைவண்டியில் தனுஷ்கோடி வந்து, அங்கே கப்பலேறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு செல்லலாம் என்னும் நிலை உண்டாயிற்று. 'போட் மெயில்' என மக்கள் அழைத்த அப்பயணத்தால், மணல்முனையிலிருந்த தனுஷ்கோடி புகைவண்டி நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் எனச் செழித்தது.

1964 டிசம்பரில் அந்தமானுக்குத் தெற்கே தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு வலுத்துப் பெரும்புயலாகி, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்தது. அன்றிரவே பாக் நீரிணைப் பகுதியை அடைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவில் இருந்திருக்கும் என மதிப்பிட்டனர். ஆழமற்ற கடலாதலின், காற்று தள்ளிய நீர் கீழே செல்ல இடமின்றி மேலெழுந்து ஊருக்குள் புகுந்தது.

அதே இரவு 11 மணி 55 நிமிடத்துக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டது. அதில் 110 பயணிகளும் புகைவண்டி ஊழியர் ஐவரும் இருந்தனர். பயணச்சீட்டின்றி ஏறியவர் எத்தனை பேரோ! தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி இயங்கவில்லை. சற்று நேரம் காத்திருந்த ஓட்டுநர், மறுமொழி கிடைக்காமல், வண்டியை மெல்லச் செலுத்தினார் என்பர். பேரலை எழுந்தது. வண்டியில் இருந்தோர் ஒருவரும் மிஞ்சவில்லை. அப்புயலில் இந்தியாவிலும் இலங்கையிலுமாக மாண்டவர் 1,800க்குக் குறையார் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என அரசால் அறிவிக்கப்பட்டது.

அந்த வண்டியைக் கொன்றது அலை என்பது உண்மையே. ஆனால் அலைக்கு முன்பே கைகாட்டி செத்துவிட்டது. முன்னே என்ன நேர்ந்தது என்று ஓட்டுநருக்குச் சொல்ல ஒரு விளக்கு இல்லை. ஒரு மணியோசை இல்லை. அறியாமையால் அவர் சென்றார் என்று இகழ்தல் எளிது. அறிவிப்பார் இல்லாமையால் சென்றார் என்பதே நீதி.

பாம்பன் பாலத்தின் இரும்பு விட்டங்களில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன. கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நிலைத்து நின்றது. அப்போது 32 வயதினராகிய ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளரிடம் சீரமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. முதலில் ஆறு திங்கள் தவணை எனவும், பின்னர் மூன்று திங்கள் எனவும் கூறினர். வீழ்ந்த விட்டங்களைக் கடலுக்குள்ளிருந்தே தேடியெடுத்து மீண்டும் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை அவர்கள் முடித்தனர். பின்னாளில் அப்பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் அருகிலேயே திறக்கப்பட்டது. 1964இல் வாய்மூடிய கைகாட்டிக்கு மாற்றாக, காற்றே தன் வேகத்தைச் சொல்லும்படி செய்தனர் பொறியாளர். வரலாற்றிலிருந்து கற்றல் என்பது இதுவே.

கற்றது போதுமா? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தது. அதற்குள் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து மேகங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. செய்தி நொடியில் உலகைச் சுற்றியது. ஆயினும் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவரின் படகை அச்செய்தி எட்டவில்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் திரும்பவே இல்லை. கரையில் பெருகிக் கிடந்த செய்தி கடலில் இல்லாமற் போயிற்று. அத்துயரத்தின் பின்னரே, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கை பெறும் கருவிகளை மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் முயற்சி வலுப்பெற்றது.

இனி நம் பக்கத்து மாவட்டத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தை அடைந்தது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கற்களை வெள்ளம் அரித்துச் சென்று, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஆனால் இம்முறை செய்தி வண்டியை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தது. வண்டி நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் இரண்டு நாட்கள் வெள்ளத்தின் நடுவே துன்புற்றனர். பசித்தனர், நனைந்தனர், அஞ்சினர், ஆயினும் பிழைத்தனர்.

1964இலும் டிசம்பர் இரவு. 2023இலும் டிசம்பர் இரவு. இரண்டும் நம் தென்கோடிக் கடற்பக்கத்து இருப்புப்பாதைகள். இரண்டிலும் பாதையை நீர் கொண்டது. ஒன்றில் மனிதனுக்குச் செய்தி வரவில்லை, மற்றொன்றில் வந்தது. வேறுபாடு அவ்வளவே. அவ்வளவில்தான் எண்ணூறு உயிர்கள் நின்றன.

மாணவர்களே! புயலை நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. நிறுத்தவும் வேண்டுவதில்லை, அது வாராவிடின் நம் கண்மாய்கள் வறண்டுபோகும். புயலுக்கு முன்னால் ஓடும் சொல்லைக் காப்பதே நம்மால் ஆவது. அறிவிப்பைக் கேட்டால் கேளாதவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். கேட்டதை மிகைப்படுத்தாதீர்கள், பொய்ச்செய்தி பரப்புவோன், மெய்ச்செய்தி வரும்போது அதனை எவரும் நம்பாதபடி செய்துவிடுகிறான். தெருக்கோடியில் தனித்து வாழும் முதியவருக்கு எச்சரிக்கை எட்டியதா என்று ஒரு முறை சென்று பாருங்கள். அவர் வீட்டுக்குச் செல்லும் செய்தி அற்றுப்போயிருக்குமானால், காற்று வீசத் தொடங்குமுன்பே அங்குப் பதினொன்றாம் எண் கூண்டு ஏறிவிட்டது என்று உணருங்கள். அதை இறக்க வேண்டியவர் நீங்களே.