உப்பு வண்டியும் உடன்போக்கும்

சென்ற வாரம் மாட்டுங்காவில் வசிக்கும் தோழி ஒருத்தி ஒரு காணொளியை அனுப்பியிருந்தாள். ஓர் இணையர் கோடை விடுமுறையில் கேம்பர் வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிரான்சின் பிரித்தானிக் கரையில் தொடங்கி, ஸ்பெயினின் வடகரை வழியே போர்த்துகல் வரை, அட்லாண்டிக் ஓரமாகவே செல்கின்றனர். மடக்குக் கட்டில், பின்கதவைத் திறந்தால் அடுப்பு, அடியில் ஸ்டெப்னி. இரவு எங்கு வருகிறதோ அங்கே வீடு. “இப்படியொரு பயணம் நம்மவர்க்கு எப்போதாவது வாய்த்ததா?” என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் விடை எழுத முயன்று இயலாமற்போனதால் இந்த நீண்ட பதிவு.

வாய்த்தது. ஆனால் விடுமுறையாக அன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. அதன் தொடக்கப் பகுதியில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டி ஒன்று வருகிறது. சங்க நூல்களில் ஒரு வாகனம் இவ்வளவு பொறுமையாக வரையப்பட்ட இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. புலவர் கீழிருந்து மேலாகப் பார்க்கிறார். முதலில் சக்கரத்தின் சூட்டும் ஆரும். பின் முழவைப் போன்ற குடம். கணையமரங்களை இணைத்தாற்போன்ற பருத்த பார். அதன்மேல், மழைமேகத்தைச் சுமந்த குன்றுபோல ஆரை வேய்ந்த கூரை. பிறகு வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. தினைப்புனத்தில் யானைக்குக் காவலிருப்போரின் பரண்குடிசை போன்றதொரு கோழிக்கூடு. பிடியானையின் முழந்தாள் அளவுள்ள சிற்றுரல், தொங்கவிடப்பட்டிருக்கிறது. கூத்தாடும் மகளிரின் இசைக்கருவிகளைக் கயிற்றால் கட்டியதுபோலக் கட்டிவைத்த காடிப்பானை.

அந்த வண்டியின் முன்புறத்தில், கையில் குழந்தையோடு, எருதுகளை ஓட்டிச் செல்பவள் ஒரு பெண். ஆண்கள் வேப்பந்தழைக் கண்ணி சூடி, நுகங்களைக் கவனித்தவாறு பக்கத்தில் நடந்து வருகின்றனர். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த காலந்தொட்டு இப்பகுதி படிக்கப்பட்டு வருகிறது. வண்டியின் பாகங்களைப் பற்றி வகுப்பறைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். ஓட்டுநர் இருக்கையில் யார் என்பதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஸ்டெப்னியும் இருந்தது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உமணரின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யார் அறிவார் என்றெண்ணிக் கீழே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அரசகுமாரனைப் புகழ்வதற்கு இதைவிட நல்ல உவமையை ஔவை தேடியிருக்கத் தேவையில்லை. மரம் முறிந்து நடுவழியில் நின்றவர்களைப் பார்த்தவர்க்கே இவ்வுவமை தோன்றும்.

சொற்களைப் பற்றி ஒரு செய்தி. மொழியியல் படித்தவள் இதைத் தவிர்த்துப் போக முடியாது. உமணன் என்பதன் பெண்பால் உமட்டி. பாணன் என்பதன் பெண்பால் சங்க வழக்கில் பாட்டி. இரண்டிலும் ணகரம் டகர இரட்டையாகத் திரியும் ஒரே வாய்பாடு. இரண்டும் ஊர் ஊராகச் செல்லும் குடிகள். இரண்டிலும் பெண் வழியில் இருக்கிறாள், தனக்கெனத் தொழிற்பெயர் கொண்டிருக்கிறாள். வண்டித் தொடருக்கு ஒழுகை என்று பெயர். நீர் ஒழுகுவதுபோல் இடையறாது செல்வதால் வந்த பெயர். நற்றிணை 183ஆம் பாடல் இவர்களை, ஓரிடத்திலேயே தங்கியிருப்பதை வெறுத்த சுற்றத்தோடு புலம்பெயர்பவர்கள் என்கிறது. தம் நாட்டு நெல்லைக் கொடுத்துப் பிறநாட்டு உப்பைப் பெற்றுச் செல்லும் அவர்கள் புறப்பட்டுப் போனால் கரையில் இருப்பவர்க்குத் துயரமாக இருக்குமாம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? சங்க அகப்பாடல்களில் பயணம் என்றாலே பெரும்பாலும் பிரிவு. பொருள் தேடி அவன் போவான். அவள் சுவரில் கோடிட்டு நாளெண்ணுவாள். கடற்பயணம் மகளிரோடு கூடியதன்று என்று தொல்காப்பிய அகத்திணையியல் விலக்கே வைத்திருக்கிறது. இளம்பூரணர் அந்நூற்பாவைக் கடல்வழிச் செலவு என்றே கொள்கிறார். நச்சினார்க்கினியரோ முந்நீர் என்பதை மூன்று தன்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றுக்கும் தலைவி உடன்செல்லும் வழக்கமில்லை என்று விலக்கை நிலத்துக்கும் நீட்டிவிடுகிறார். உரையாசிரியர் ஒருவர் ஒரு சொல்லைப் பிரித்த மாத்திரத்தில் பெண்ணுக்குச் சாலையும் அடைபட்டுப் போகிறது! காதலர் இருவரும் வீட்டைத் துறந்து செல்லும் உடன்போக்கு ஒன்றே எஞ்சுகிறது. அதுவும் ஒருமுறைப் பயணம்.

இந்தப் பின்னணியில் குறுந்தொகையின் இரண்டு பாடல்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 124ஆம் பாடல் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. காட்டுவழி கொடியது, தலைவி வரலாகாது என்ற தலைவனிடம் தோழி, தனித்திருப்பவர்க்கு வீடுமட்டும் இனிதாக இருக்குமா என்று திருப்பிக் கேட்கிறாள். 388ஆம் பாடல் ஔவையார் பாடியது. நீரில் நிற்கும் குவளை கோடைக் காற்று வீசினாலும் வாடாது. உம்மோடு வந்தால் யானை வருந்தும் காடும் அவளுக்கு இனியதே என்கிறாள் தோழி. இரண்டிலும் வேண்டுகோள் ஒன்றே: அவளையும் அழைத்துச் செல். இரண்டிலும் உமணர் வருகின்றனர். முதற்பாட்டில், உமணர் தங்கிப் பின் நீங்கிய இடம் பாழ்பட்ட ஊர்போல் கிடக்கிறது. இரண்டாவதில், காட்டின் உலர்ந்த கிளைகள் உமணரின் எருதுத் தொடரை நிரைத்தாற்போல் நிற்கின்றன.

என் ஆய்வு நெறியாளர் இதை ஏற்கவில்லை. பாலைநிலத்தைப் பாடுவோர் உமணரைப் பாடுவது மரபு. அகநானூறு 159இல் உமணர் விட்டுச்சென்ற அடுப்பில் மறவர் ஊன் சமைக்கின்றனர், புறநானூறு 307இல் அவர்கள் கைவிட்ட முடமான எருது வருகிறது. அங்கெல்லாம் இணையர் எங்கே என்றார். நியாயமான மறுப்பு. இரண்டு பாடல்களைக் கொண்டு விதி வகுக்க முடியாது. எனினும் எனக்குத் தோன்றுவது இது: மனைவி உடன்வரலாகாது என்று ஒருவன் சொல்லும் அதே வழியில், குழந்தையும் கோழியும் உரலுமாக ஒரு கூட்டம் ஆண்டுதோறும் போய்வருகிறது என்பதைப் பாடியவரும் அறிவார், கேட்டவரும் அறிவார். தோழி அதை வாதமாக எடுத்து வைக்கவில்லை; வருணனைக்குள் வைத்துவிட்டாள். உயர்குடித் தலைவனிடம் உமட்டியை முன்மாதிரியாகக் காட்டிப் பேச இயலாதல்லவா?

இவ்விடத்தில் என் தோழியின் கேள்விக்குத் திரும்ப வேண்டும். சேர்ந்து செல்வதாலேயே அது விடுதலைப் பயணம் ஆகிவிடாது. அகநானூறு 140இல் அம்மூவனார் காட்டும் உமணர் மகள் நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவித் தெருவில் விற்கிறாள். பழகாத அக்குரலுக்கு வீட்டுநாய் குரைக்கிறது. அவளுடைய தந்தையின் வண்டி சேற்றில் அழுந்துகிறது. இன்றைய மகாராட்டிரத்தில் இதற்கு நெருங்கிய காட்சி ஒன்று உண்டு. பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்வோரை ஒப்பந்தக்காரர்கள் இணையராகவே அமர்த்துகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு கோய்தா. கோய்தா என்பது மராத்தியில் வெட்டரிவாள். அக்டோபர், நவம்பரில் பாத்திரபண்டங்களோடும் குழந்தைகளோடும் புறப்படும் குடும்பங்கள் ஏறத்தாழ ஆறுமாதம் வயலோரக் குடிசைகளில் தங்கிவிட்டு ஊர் திரும்புகின்றன. இவர்களை யாரும் காணொளியில் பொறாமையோடு பார்ப்பதில்லை.

அந்த அட்லாண்டிக் கரையிலும் உப்பளங்கள் உண்டு என்பதைக் காணொளி காட்டவில்லை. பிரான்சின் கெராந்து உப்பளத்தார் முற்காலத்தில் கோவேறு கழுதைகளில் உப்பேற்றி, உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றி வந்தனர். நெல்லுக்கு நேராக உப்பு! வேனில் சென்ற இணையர் அவ்வழியேதான் போயிருக்கக்கூடும்.

மும்பைக்கு வருகிறேன். மாட்டுங்காவின் பழைய சாப்பாட்டு விடுதிகள், வேலைதேடித் தனியாக வந்த தென்னிந்திய இளைஞர்களுக்குச் சோறு போட்டு வளர்ந்தவை. பாலைத்திணையின் மறுபக்கம் அங்கே இலைபோட்டுப் பரிமாறப்பட்டது. தாராவியில் வாழ்ந்த என் பாட்டியின் கதை வேறு. கொற்கைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து தாத்தாவோடு அவரும் ரயிலேறினார். சாக்கில் சுற்றி ஒரு குழவிக்கல்லையும் எடுத்து வந்தார். ஏன் பாட்டி என்று கேட்டால், “அம்மிய அங்கன வாங்கிக்கிடலாம். கொழவி கைக்குப் பழகுனதுல்லா” என்பார். சிறுபாணாற்றுப்படையில் கொற்கைப் பகுதியில் உமட்டியின் பிள்ளைகளோடு, சிப்பிக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆட்டும் குரங்கு ஒன்று வருகிறது. ஒழுகையோடு வந்து வந்து வீட்டுப்பிள்ளை போலாகிவிட்ட குரங்கு. அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி நெடுநேரம் சிரித்தார்.

செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் முலுண்டு நோக்கிச் சென்றால் வலப்புறம் உப்பளங்கள் தென்படும். 2024 செப்டம்பரில் மகாராட்டிர அமைச்சரவை, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டுப் பகுதிகளின் உப்பள நிலத்தில் ஏறத்தாழ 256 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்பின் வாடகை வீடுகளுக்கு ஒதுக்க ஒப்புதல் அளித்தது. எங்கள் தெருவிலும் கதவுகளில் கணக்கெடுப்பு எண் எழுதப்பட்டுள்ளது. யார் இங்கே, யார் அங்கே என்பது இன்னும் தெளிவாகவில்லை. குழவிக்கல் இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

உமணர் வரும் சங்கப் பாடல்கள் அனைத்தையும், பேசுவோர், கேட்போர், பெண் உடன் இருக்கிறாளா இல்லையா என்ற குறிப்புகளோடு அட்டவணைப்படுத்தி வருகிறேன். தூத்துக்குடி, மரக்காணம், வேதாரண்யம் உப்பளப் பகுதிகளின் பேச்சுவழக்கில் உமணர், உமட்டி என்ற சொற்களையோ அவற்றின் திரிபுகளையோ கேட்டவர்கள் இருந்தால், ஊர்ப்பெயரோடு எழுதியுதவுங்கள்.