குறைந்த அரசு நிதியும் ஊர்த் தன்னிறைவும்: சிற்றாற்றுப் படுகையில் குடிமராமத்து

முன்னுரை

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, தென்காசி வழியே கிழக்கு நோக்கிப் பாய்ந்து சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. சாரல் பருவத்தில் பெருகி விரைவில் வடிந்துவிடும் இவ்வாற்றின் நீரைக் கார், பிசானம் ஆகிய இரு போகங்களுக்கும் தேக்கித் தருபவை குளங்களே. மேற்குளத்தின் மறுகால் நீர் கீழ்க்குளத்திற்கு வரத்தாகிறது. ஆதலால், ஓர் ஊர் தன் கரையைப் பேணத் தவறினால் அதன் இழப்பு அவ்வூரோடு நிற்பதில்லை. இவ்வமைப்பை ஊர்கள் குறைந்த அரசு நிதியுடன் எவ்வாறு காத்தன, அதற்கான விலையை யார் கொடுத்தனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டுதலும் பேணுதலும்

15ஆம் நூற்றாண்டில் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அதனைப் பிற்காலத்தில் காப்போரைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பாடியுள்ளான். கட்டுவதைவிடப் பேணுவது அரிது என்னும் உணர்வு இதில் வெளிப்படுகிறது. நீர்நிலைகளைப் பொறுத்தவரை அப்பேணுதலே குடிமராமத்து எனப்பட்டது. பெரும் பணிகள் அரசைச் சார்ந்தன. வாய்க்கால் தூர்வாருதல், கரையின் சிறு உடைப்புகளை அடைத்தல் முதலியன குடிகளைச் சார்ந்தன. நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் போன்ற பணியாளர்கள் அன்றாட நீர்ப் பங்கீட்டைக் கவனித்தனர். விளைச்சலில் அவர்களுக்குரிய பங்கே அவர்தம் ஊதியமாயிற்று.

சட்டமும் உழைப்பும்

1801இல் திருநெல்வேலிச் சீமை கும்பினியாரின் நேரடி ஆட்சிக்கு வந்தது. பின்னர்ப் பரவிய இரயத்துவாரி முறையில் அரசு தனித்தனி உழவருடன் வரித்தொடர்பு கொண்டதால், ஊர்ப்பொது என்னும் பிணைப்பு தளர்ந்தது. வழக்கம் தளர்ந்த இடத்தில் சட்டம் நுழைந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், மரபான பணியைச் செய்யத் தவறியவரிடம் அதன் மதிப்பைப் போல் இருமடங்கு தொகையைப் பெற வழிசெய்தது. கரை உடையும் ஆபத்து நேர்கையில், அருகிலுள்ள உழைக்கும் வகுப்பினரில் உடல்வலு மிக்க ஆடவரைப் பணிக்கு அழைக்கவும் இடமளித்தது. நீரால் பயன்பெற்ற நிலவுடைமையாளரும் மண் சுமந்தவரும் பெரும்பாலும் ஒருவரல்லர் என்பதை இவ்விதி காட்டிவிடுகிறது. ஊர்த் தன்னிறைவு எனப் போற்றப்படுவதன் ஒரு பகுதி, நிலமற்றோரின் உழைப்பை மலிவாகப் பெற்றதால் அமைந்தது.

அண்மைக்கால முயற்சி

2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் மீண்டும் தொடங்கியது. செலவில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பயனாளிகள் ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. குடிகளின் பங்கு இங்கு மீண்டும் ஏற்கப்பட்டது. எனினும், ஒருமுறை தூர்வாருவதற்கான நிதி, ஆண்டுதோறும் மடை காக்கும் பணியாளரின் இடத்தை நிரப்பாது.

முடிவுரை

சிற்றாற்றுப் படுகையின் ஊர்கள் அரசின்றி நிற்கவில்லை. அரசை மட்டும் நம்பியும் நிற்கவில்லை. பேணும் கடமை நீர் பெறும் உரிமையுடன் பிணைந்திருந்ததே அவற்றின் வலிமை. அக்கடமையின் சுமை உரிமையற்றோர் தோளில் ஏறியது அவற்றின் குறை. குறைந்த நிதியில் ஊர்களை நிலைநிறுத்த முனையும் திட்டங்கள் அவ்வலிமையை மீட்கையில், அக்குறையை மீட்காதிருத்தல் வேண்டும். உழைப்போருக்கு உரிய கூலியும் நீர் குறித்த முடிவுகளில் இடமும் அளித்தலே அதற்கு வழி.