ரோபோவோடு வேலை: மலாக்கா தொழிற்சாலைகளில் ஆள் பாதுகாப்பு

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்த நியாலாஸ் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரம். பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கு இம்மாநிலத்தில் வேலை தந்தவை 1970களில் எழுந்த பத்து பெரெண்டாம் சுதந்திர வர்த்தக வலயம், பிறகு ஆயர் குரோ, அலோர் காஜா தொழிற்பேட்டைகள். 2003 முதல் பெகோவில் ஹோண்டா கார் ஆலையும் இயங்குகிறது. கார் உடலைப் பற்றவைப்பது, சிப்புகளை எடுத்து வைப்பது போன்ற வேலைகள் இன்று உலகெங்கும் பெரும்பாலும் ரோபோ கைகளிடம் போய்விட்டன.

ரோபோவால் நேர்ந்த முதல் மரணமாகப் பதிவானது 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபோர்டு வார்ப்பாலையில் நடந்தது. 1981இல் ஜப்பானில் கவாசாகி ஆலையிலும், 2015இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் ஆலையிலும், அதே ஆண்டு இந்தியாவின் மானேசரிலும் தொழிலாளர்கள் இறந்தனர். லைன் சீராக ஓடும்போது வேலிக்கு வெளியே நிற்பவருக்கு ஆபத்து குறைவு. சிக்கிய பொருளை எடுக்க, பழுது பார்க்க, புதிய அசைவைக் கற்றுக்கொடுக்க உள்ளே போகிறவர்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார். அசையாமல் நிற்கும் ரோபோ அடுத்த சிக்னலுக்குக் காத்திருக்கலாம். அது நின்றுவிட்டதாக எண்ணுவதே பெரிய பிழை.

ஆகவே வேலியின் கதவைத் திறந்ததும் ரோபோ நிற்கும்படி பூட்டு அமைப்பார்கள். பழுது பார்ப்பவர் மின்சாரத்தையும் அழுத்தக் காற்றையும் துண்டித்து, தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும்போது ரோபோ கையின் வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கற்றுக்கொடுப்பவரின் கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானைப் பாதி அழுத்தினால்தான் ரோபோ அசையும். விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். மனிதனின் பதற்றத்தையும் கணக்கில் எடுத்த நல்ல வடிவமைப்பு இது.

வேலிக்குப் பதிலாக, ஆள் குறுக்கிட்டால் ரோபோவை நிறுத்தும் ஒளித்திரை வைத்தால் தூரக் கணக்கு முக்கியம். ஆள் நடந்துவரும் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர் எனக் கொள்வார்கள். ரோபோ நிற்க அரை விநாடி ஆனால், திரை குறைந்தது 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேலும் சிறிது கூட்டுவார்கள்.

வேலியின்றி ஆள் பக்கத்தில் வேலை செய்யும் கூட்டு ரோபோக்களுக்கு 2016இல் வந்த ஐஎஸ்ஓ 15066 ஆவணம் உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விசை தாங்கும் என வரையறுத்தது: கைவிரல்கள் நசுங்கும்போது 140 நியூட்டன், முகத்துக்கு 65. ஆனால் ரோபோவின் கையில் கூரிய கத்தி இருந்தால் இந்த எண்களால் பயனில்லை. ‘பாதுகாப்பான ரோபோ’ என்று விற்பவர் இதை அழுத்திச் சொல்வதில்லை.

மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டது. திருத்தப்பட்ட 1994 தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அன்றே நடைமுறைக்கு வந்தது. ஆபத்து மதிப்பீடு முதலாளியின் கடமையானது. அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆக உயர்ந்தது. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால் தொழிலாளி விலகி நிற்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. ஆனால், உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லாதவரை அது காகிதத்தில்தான் இருக்கும்.

வேலையில் காயம்பட்டவருக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ இழப்பீடு தரும். 2019 ஜனவரி முதல் அந்த இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டது.