பொது மனையில் நம் பெட்டி

கடலடிக் கம்பிக்கும் மும்பைக்கும் உள்ள உறவு பழையது. 1870-ஆம் ஆண்டிலேயே சூயஸிலிருந்து ஏடன் வழியாகத் தந்திக்கம்பி இந்நகரை வந்தடைந்தது. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிற்று. 1997-இல் ஃப்ளாக் என்னும் கண்ணாடியிழைக் கம்பி மும்பைக் கரை சேர்ந்தது. 1998-இல் அரசு இத்தொழிலைத் தனியாருக்கும் திறந்துவிட்டது.

அதன் பின்னர் இங்குத் தரவு மையங்கள் பெருகின. நம் குர்லாவை அடுத்த சாந்திவிலியிலும் அவை உள்ளன. அங்கு இடவாடகை முறை ஒன்று உண்டு. சர்வர் நம்முடையது, அதை வைக்கும் இரும்புச் சட்டம், மின்சாரம், ஜெனரேட்டர், குளிர்சாதனம், காவல் யாவும் பொது. சட்டத்தில் 1.75 அங்குல உயரம் ஓர் அலகு. எத்தனை அலகோ அத்தனைக்கு வாடகை.

இம்முறை நமக்குப் புதிதன்று. மாதுங்காவிலும் தாராவியிலும் நம் முன்னோர் ஓரறையில் பலராய் வாழ்ந்தனர். அறை பொது, டிரங்குப் பெட்டியும் அதன் சாவியும் அவரவருடையன.

2005 ஜூலை 26 அன்று தொடங்கிய பெருமழை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டராகப் பதிவாயிற்று. மித்தி ஆறு பெருகிக் குர்லாவுள் புகுந்தது. வீட்டு மூலையில் வைத்த பெட்டி அன்று என்னாகியிருக்கும்? பொது மனைக்கும் ஆபத்து உண்டு. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஒரு தரவு மையம் தீக்கிரையாயிற்று. ஆதலின் மறுபிரதி வேற்றூரில் இருத்தல் வேண்டும்.

சிறு சங்கத்துக்குத் தனிச் சர்வர் மிகையே. பிறர் சர்வரில் சிற்றிடம் போதும். ஆயினும் நம் மலர்களையும் குறிப்பேடுகளையும் அங்கு ஏற்றும்போது, சாவி யாரிடம், மறுபிரதி எங்கே என்று கேட்டறிதல் நம் கடமையாகும்.