கிணத்துக்குள்ள ஒரு பானை: குளோரின் அளந்த கதை

வீட்டு நீச்சல் குளத்துக்கு இப்ப ஒரு பெட்டி விற்கிறார்கள். சுவரில மாட்டுற பெட்டி. குளத்துத் தண்ணி ஓடுற குழாயில இரண்டு உணர்கருவிகள் இருக்கும். ஒன்று தண்ணீரின் பி.எச் அளவைப் பார்க்கும். மற்றது கிருமியைக் கொல்லும் வலு எவ்வளவு மிச்சம் எண்டதை மில்லிவோல்ற் கணக்கில் சொல்லும். குறைஞ்சால் ஒரு சின்னப் பம்பி குளோரின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும், இன்னொன்று அமிலத்தை விடும். வீட்டுக்காரர் படுத்துக் கிடக்கலாம்.

பூநகரிப் பக்கம், ஜெயபுரத்தில இதைப் பற்றி எழுதினால் சிரிப்பு வரும்தான். இங்க நீச்சல் எண்டால் குளத்திலதான், அதுவும் மழைக்குப் பிறகு. ஆனால் அந்தப் பெட்டி கேட்கிற கேள்வி எங்கட கிணத்தடியிலும் கேட்கப்பட்ட கேள்வி. எவ்வளவு போடுறது? ஆர் போடுறது? போட்டது காணுமா எண்டு எப்படித் தெரியும்?

குளோரினைத் தொடர்ந்து குடிநீரில் கலக்கத் துணிந்தவர்களில் முந்தியவர் அலெக்சாண்டர் ஹூஸ்டன். 1905 இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் தைபொயிட் பரவியபோது அவர் அதைச் செய்தார். ஆனால் உண்மையான சண்டை 1908 இல் அமெரிக்காவின் ஜெர்சி சிற்றியில் நடந்தது. தண்ணி சுத்தமில்லை எண்டு நகரம் தண்ணீர்க் கொம்பனிமேல வழக்குப் போட்டிருந்தது. கொம்பனிக்கு ஆலோசகராக இருந்த வைத்தியர் ஜோன் லீல், நகரத்திடம் ஒரு சொல்லும் கேட்காமல் பூண்டன் நீர்த்தேக்கத் தண்ணியில குளோரின் தூளைக் கரைத்து விட ஏற்பாடு செய்தார். செப்டெம்பர் 26 அன்று அது தொடங்கியது. நாளுக்கு 4 கோடி கலன் தண்ணி. அவருடைய தகப்பனும் ஒரு வைத்தியர். உள்நாட்டுப் போரில் தொற்றிய வயிற்று நோயோடு ஆண்டுக்கணக்காக அவதிப்பட்டே செத்தவர். நஞ்சைத் தண்ணியில கலக்கிறார் எண்டு நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. கடைசியில் 1910 இல் லீல் பக்கமே முடிவு வந்தது.

கேட்காமல் செய்தது சரியா? உயிர்கள் தப்பின என்பது உண்மை. ஆனாலும் குடிக்கிற சனத்துக்குச் சொல்லாமல் கலந்த அந்த முதல் நாள் எனக்கு உறுத்தத்தான் செய்யுது. குளோரின் மீதான சந்தேகம் உலகம் முழுக்க இண்டைக்கும் இருக்கிறதுக்கு வாசனை மட்டும் காரணமில்லை.

எவ்வளவு விடுவது என்பதை அங்கே தீர்த்து வைத்தவர் ஜோர்ஜ் புல்லர் எண்ட பொறியியலாளர். கரைசல் தொட்டியின் நீர்மட்டம் மாறாமல் வைத்து, அளவான ஒரு துவாரத்தால் ஒழுக விட்டார். மட்டம் மாறாவிட்டால் ஒழுக்கும் மாறாது. இது கண் இல்லாத கருவி. தண்ணி அழுக்கா சுத்தமா எண்டு அதுக்குத் தெரியாது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் பிரவுண் பல்கலைக்கழக நீச்சல் குளத்திலும் குளோரின் போட்டார்கள்.

கண் பிறகுதான் வந்தது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படை வைத்தியர் ஹொரொக்ஸ் ஒரு பெட்டி செய்தார்: ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை, சின்னக் கரண்டிகள். கறுப்பில் குளோரின் கரைசல் கலக்க வேண்டும். வெள்ளையில் கிணத்துத் தண்ணியை எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தக் கரைசலை ஒரு துளி, இரண்டு துளி எனக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மாப்பொருள் கலந்த அயடைட் விட்டால், எந்தக் கோப்பையில் முதலில் நீலம் தெரியுதோ அதுதான் அந்தத் தண்ணிக்குத் தேவையான அளவு. 1957 இல் பேலின் என்பவர் டி.பி.டி முறையைக் கொண்டுவந்தார், அது இளஞ்சிவப்பு. நீச்சல் குளக்காரருக்கென்று செய்த ரெண்டு அறைச் சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியில் அந்தக் குளிசையைப் போட்டு நிறம் பார்க்கலாம். அகதி முகாம்களில் தண்ணி பார்க்கிற ஆக்கள் உலகமெங்கும் கொண்டு திரியிறது அதே பெட்டிதான்.

2009 இல் வன்னிச் சனம் லட்சக்கணக்கில் செட்டிகுளம் மெனிக்பாமில் அடைபட்டபோது, அருவியாற்றுத் தண்ணியை எடுத்துச் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் கொடுத்தார்கள். அப்படியும் முகாம்களில் செங்கமாரி பரவியது. அவ்வளவு சனத்தை அவ்வளவு நெருக்கமாக வேலிக்குள்ள வைத்தால் குளோரின் மட்டும் என்ன செய்யும்?

மீளக்குடியேற வந்தபோது ஊர்க் கிணறுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தவை. இறைத்து, சேறு எடுத்து, ரி.சி.எல் தூள் போட வேண்டும். இங்கதான் கணக்கு வருது. விட்டம் 2 மீற்றர், தண்ணி 3 மீற்றர் எண்டால் கிட்டத்தட்ட 9,400 லீற்றர். வழமையான குடிநீர்க் கணக்கு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம்; ஆக சுமார் 24 கிராம். அது தூள் புதுசாக, 33 வீதம் குளோரினோடு இருந்தால்தான். மூடி திறந்து, வெயிலிலயும் ஈரத்திலயும் கிடந்த தூளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. வெள்ளம் புகுந்த கிணத்துக்கும் சரிவராது, அதுக்கு இன்னும் நிறைய வேணும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிணறுகள் பல அப்படித்தான் கிடந்தன.

ஒருநாள் கொட்டின தூள் ஒருநாளைக்குத்தான். வாளி போட்டு அள்ள அள்ள ஊற்றுத் தண்ணி வந்து சேரும், குளோரின் போய்விடும். இதற்குத் தன்னியக்கமான ஒரு தீர்வை நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் சொன்னது. விலை மிகக் குறைவு: இரண்டு மண்பானை. உள்பானையில் 1 கிலோ குளோரின் தூளும் 2 கிலோ பருமணலும் ஈரமாக்கிக் கலந்து நிரப்ப வேண்டும். அதில் மேல்பகுதியில், வாய்க்குக் கிட்ட ஒரு துளை. வெளிப்பானையில் அடியிலிருந்து 4 சென்ரிமீற்றர் உயரத்தில் இன்னொரு துளை. ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, வாயைப் பொலித்தீனால கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே இறக்கிவிட்டால், 4,500 லீற்றர் அளவான வீட்டுக் கிணறு ஒன்றுக்கு இரண்டு மூன்று கிழமை தாங்கும். மணல் கரைசலை மெதுவாக்குது, துளைகள் வெளியேற்றத்தை அளக்குது. புல்லரின் தொட்டி செய்ததும் அதுதான்.

பானைக்கும் கண் இல்லை. கலியாண வீட்டுக்கு நாள் முழுக்க அள்ளினால் அதுக்குத் தெரியாது. சுவர்ப் பெட்டிக்குத் தெரியும். ஆனால் அதுக்கும் வேறு ஆபத்து உண்டு: தண்ணி ஓட்டம் நின்ற பிறகும் பெட்டி அமிலத்தையும் குளோரினையும் விட்டுக்கொண்டிருந்தால், குழாய்க்குள் இரண்டும் சேர்ந்து நச்சு வாயு வரும். அதனால் ஓட்டம் நின்றால் தானும் நிற்கிற மாதிரிப் பூட்டு வைத்துத்தான் பெட்டியைப் பொருத்த வேண்டும். பி.எச் சும்மா பார்க்கிறதும் இல்லை. 7.5 இல் குளோரினில் பாதிதான் வலுவான வடிவத்தில் இருக்கும், 8.5 இல் பத்தில் ஒரு பங்குதான்.

பூநகரியின் உப்பையோ வவுனியாப் பக்கச் சனம் சிறுநீரக நோய்க்குப் பயப்படுற தண்ணியையோ குளோரின் மாற்றாது. அதனால இப்ப சனம் வடிகட்டிய தண்ணியைக் கானில வாங்குது. கிணறு குளிக்க, சமைக்க, ஆடு மாட்டுக்கு எண்டு ஆகிவிட்டது. பானையை ஆர் இரண்டு கிழமைக்கு ஒருக்கா இழுத்து எடுத்துத் தூள் மாற்றுறது எண்டு கேட்டால், பி.எச்.ஐ வருவார் எண்டுதான் பதில் வருது. அவருக்குப் பார்க்க வேண்டிய கிணறுகளோ நூற்றுக்கணக்கு.