எந்த அரசிடம் கேட்பது? மருத்துவத்தில் மாநில, ஒன்றிய அதிகாரப் பகிர்வு

மருந்து இருப்பில் இல்லை, காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது, உதவித்தொகை இன்னும் வரவில்லை என்று மருத்துவமனையில் சொல்லப்படும்போது, யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நோயாளிகளும் உடனிருப்போரும் பல நாட்களை இழந்துவிடுகின்றனர். மாவட்ட மருத்துவமனையில் தீர்க்கக்கூடிய குறைக்கு டெல்லிக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருப்போரைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். உங்கள் சிகிச்சையின் எந்தப் பகுதியை எந்த அரசு தீர்மானிக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு நோயாளிகளுக்காக இப்பக்கம் விளக்குகிறது.

அரசியலமைப்பு சொல்வது

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. பொதுச் சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனைகள், மருந்தகங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலின் 6ஆவது இனத்தில் வருகின்றன. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையம் முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை, நீங்கள் வழக்கமாகச் செல்லும் இடங்களை நடத்துவது மாநில அரசு. மருந்துகள், மருத்துவத் தொழில், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுத்தல் ஆகியவை இரு அரசுகளும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளன. இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் பொதுவாக ஒன்றியச் சட்டமே மேலோங்கும். துறைமுகங்களில் நோய்த்தடுப்புக் காவல் போன்ற சில மட்டும் ஒன்றியப் பட்டியலுக்கு உரியவை.

ஏட்டில் தெளிவாக உள்ள இந்தப் பிரிவினை, நடைமுறையில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கான கொரோனா தடுப்பூசியை மாநிலங்களே கொள்முதல் செய்ய வேண்டும் என்று விதி மாறியது; ஜூன் 21 முதல் அப்பொறுப்பை ஒன்றிய அரசே திரும்ப ஏற்றது. அந்த வாரங்களில் தடுப்பூசி மையத்தில் வரிசையில் நின்றவருக்கு இம்மாற்றத்தின் பொருள் ‘இன்று ஊசி இல்லை’ என்பதே.

காப்பீட்டு அட்டை: கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மாநில அரசினுடையது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா இதனுடன் இணைத்து நடத்தப்படுகிறது. அட்டை ஒன்றுபோலத் தோன்றினாலும் பயனாளிகள் இரு வகையினர். 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் இடம்பெற்ற குடும்பங்களுக்கான செலவை ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. அப்பட்டியலில் இல்லாமல், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகச் சான்று பெற்றுச் சேர்ந்த குடும்பங்களுக்கு மாநில அரசு தன் நிதியிலிருந்து செலவிடுகிறது.

தமிழ்நாட்டிற்குள் சிகிச்சை பெறும்வரை இந்த வேறுபாட்டை நீங்கள் உணரமாட்டீர்கள். வேறு மாநிலத்திற்குச் செல்லும்போதுதான் அது வெளிப்படும். ஒன்றியத் திட்டப் பயனாளிகள் அத்திட்டத்தில் இணைந்துள்ள பிற மாநில மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். மாநிலப் பட்டியலில் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த வசதி தானாகக் கிடைப்பதில்லை. மேலும், திட்டத்தில் சேர்வதும் விலகுவதும் ஒவ்வொரு மாநிலத்தின் முடிவு. மேற்கு வங்கம் 2019இல் விலகியது. டெல்லியும் ஒடிசாவும் 2025இல்தான் இணைந்தன. ஆகவே அறுவை சிகிச்சைக்காக வெளிமாநிலம் செல்லத் திட்டமிட்டால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, உங்கள் குடும்பம் எந்தப் பட்டியலில் உள்ளது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்திலும், அட்டை ஏற்கப்படுமா என்பதைச் செல்லவிருக்கும் மருத்துவமனையிலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அனுமதியான பின் கேட்பது பெரும்பாலும் பயனளிப்பதில்லை.

மருந்தும் உதவித்தொகையும்

மாநில அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்கிறது. மருந்து இல்லையெனில் முதலில் மருத்துவமனையின் கண்காணிப்பாளரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

தனியார் மருந்துக் கடைகளைப் பொறுத்தவரை பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. அட்டவணையிலுள்ள மருந்துகளின் உச்ச விலையை நிர்ணயிப்பது ஒன்றிய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். கடைக்கு உரிமம் வழங்குவதும், காலாவதியான அல்லது போலி மருந்து பற்றிய புகாரை விசாரிப்பதும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

காசநோயில் இரு அரசுகளும் ஒரே நோயாளியின் சிகிச்சையில் இணைகின்றன. திட்டம் தேசிய அளவிலானது. மருந்தை வழங்கிக் கண்காணிப்போர் மாநிலப் பணியாளர்கள். நிக்ஷய் போஷண் யோஜனாவின்கீழ் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் (2024 நவம்பருக்கு முன் 500) நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. தொகை வராவிட்டால், ஒன்றியத் திட்டம் என்பதற்காக டெல்லிக்கு எழுத வேண்டாம். உங்கள் வங்கி விவரங்களைப் பதிவு செய்வது உள்ளூர்க் காசநோய் அலகுதான். தவறு பெரும்பாலும் அங்கேயே கண்டறியப்படும்.

தனியார் மருத்துவமனை மீதான புகார்

புகார்களில் 2010ஆம் ஆண்டின் ஒன்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைப் பலர் மேற்கோள் காட்டுகின்றனர். அச்சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இல்லை. மாநிலப் பட்டியலுக்குரிய பொருளில் நாடாளுமன்றம் சட்டமியற்ற இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கோர வேண்டும். பிற மாநிலங்கள் விரும்பினால் பின்னர் ஏற்கலாம் என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 252. அவ்வழியில் வந்தது 2010ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டிற்கு 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. எனவே மருத்துவமனை பற்றிய புகாரை மாவட்டத்திலுள்ள மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் அளிக்க வேண்டும். மருத்துவரின் தொழில்முறை நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு உரியது. புகாரில் சட்டத்தின் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டால் அஞ்ச வேண்டாம். தேதிகளும் ரசீது நகல்களும் சரியாக இருப்பது அதைவிட முக்கியம்.

எங்கே முறையிடுவது?

புதுச்சேரி ஜிப்மர், ரயில்வே மருத்துவமனைகள், ஒன்றிய அரசு சுகாதாரத் திட்ட நல மையங்கள் ஆகியவை ஒன்றிய அரசின்கீழ் உள்ளவை. அவை பற்றிய குறைகளை அந்நிறுவனத்தின் குறைதீர் பிரிவிலும், தீராவிட்டால் ஒன்றிய அரசின் சிபிகிராம்ஸ் தளத்திலும் பதிவு செய்யலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் சிலவற்றைக் கழகமே நடத்துகிறது; சிலவற்றையும் மருந்தகங்களையும் மாநில அரசு நடத்துகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாநில அரசு மருத்துவமனைகள் தொடர்பான தகவலுக்கு 104, முதல்வரின் முகவரித் துறையில் முறையிட 1100 ஆகிய எண்களை அழைக்கலாம். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவும். அவசர நிலையில் இவை எதையும் ஆராய வேண்டாம். 108 ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.